ஒரே சர்வருக்குள் நான்கு கணினிகள்: சிறு தொழிற்கூடங்களுக்குக் கைகொடுக்குமா ‘விர்ச்சுவல் மெஷின்’?

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பல தெருக்கள் வெள்ளக்காடாயின. தொழிற்கூடங்களுக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் வீணாகின. நனைந்த மோட்டாரைப் பிரித்து, உலர்த்தி, காயில் கட்டி மறுபடியும் ஓட்டிவிடலாம். ஆனால், மேசைக்கு அடியில் தரையிலேயே வைத்திருக்கும் கணினி மூழ்கினால்? அதில் இருக்கும் கணக்கு, ஜிஎஸ்டி பில், வாடிக்கையாளர் கொடுத்த டிராயிங், சிஎன்சி புரோகிராம் எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து எடுக்க முடியுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சிறு தொழிற்கூடங்களின் அலுவலக அறையில் பெரும்பாலும் காணக்கூடிய காட்சி இது: டேலி போட ஒரு கணினி. கைரேகை வருகைப் பதிவுக்கு ஒன்று. எல்லோரும் கோப்புகளைப் போட்டு வைக்க ஒன்று. பழைய டிசைன் மென்பொருள் புதியதில் ஓடாது என்பதற்காகவே விண்டோஸ் 7-ஓடு காப்பாற்றப்படும் கிழட்டுக் கணினி ஒன்று. நான்குமே நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். மாற்றலாமே என்றால், “ஓடிக்கிட்டுதானே இருக்கு, அதை ஏன் தொடணும்?” என்பதே பதில். ஓடாமல் நிற்கும் நாளில்தான் கேள்வி வரும்.

இந்த நான்கையும் ஒரே சர்வருக்குள் நான்கு தனித்தனிக் கணினிகளாகக் குடியேற்றும் நுட்பத்துக்குப் பெயர் விர்ச்சுவலைசேஷன். தமிழில் மெய்நிகராக்கம். இதே தொழிற்பேட்டையில் 2023-ல் என்டிடி நிறுவனமும், 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனமும் பெரிய தரவு மையங்களைத் திறந்தன. அத்தகைய மையங்களில் இடம்பிடிக்கும் கிளவுட் சேவைகளுக்கு அடித்தளமும் இந்த நுட்பம்தான். பக்கத்துத் தெருப் பட்டறைக்கும் அது எட்டாக்கனி அல்ல.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரே மனையில் நான்கு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனை ஒன்று, போர்வெல் ஒன்று, கூரை ஒன்று. ஆனால், ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு, தனிச் சமையலறை. சர்வர்தான் அந்த மனை. இடத்தைப் பிரித்துக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று கணக்கு பார்க்கும் வீட்டு உரிமையாளருக்குப் பெயர் ‘ஹைப்பர்வைசர்’. குடியிருக்கும் ஒவ்வொரு இயங்குதளமும் ஒரு விர்ச்சுவல் மெஷின். சுருக்கமாக விஎம். ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ் என்று ஒரே நேரத்தில் ஓடலாம். ஒன்று முடங்கி ரீஸ்டார்ட் ஆனாலும் மற்றவை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இயங்குதளம், மென்பொருள், தரவு எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் கணினியே ஹைப்பர்வைசரின் பார்வையில் ஒரு சில கோப்புகள்தான். கோப்பு என்றால் நகலெடுக்கலாம், வேறு ஊருக்கு அனுப்பலாம், வேறொரு சர்வரில் வைத்து ஓட்டலாம். தண்ணீரில் மூழ்கும் கணினிக்கும் மூழ்காத கணினிக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பா?

இல்லை. ஐபிஎம் நிறுவனம் 1960-களிலேயே தன் மெயின்ஃபிரேம் கணினிகளில் இதைச் செய்து பார்த்தது. 1972-ல் ‘விஎம்/370’ என்ற பெயரில் வெளியிட்டது. கோடிக்கணக்கில் விலைபோன ஒரே கணினியைப் பலர் பங்கிட வேண்டிய காலம் அது. பிறகு மலிவு விலைக் கணினிகள் வந்ததும், வேலைக்கொரு கணினி என்றானது. இந்த யோசனை பின்னுக்குப் போனது.

1998-ல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் சாதாரண இன்டெல் ரகக் கணினிகளில் இதை மீட்டுக் கொண்டுவந்தது. 2005-ல் இன்டெலும் 2006-ல் ஏஎம்டியும் பிராசசருக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. 2007-ல் ‘கேவிஎம்’ என்ற ஹைப்பர்வைசர் லினக்ஸின் கருவிலேயே இடம்பெற்றது. அதன் பிறகு இது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டிய பொருள் என்ற நிலை மாறியது.

எந்த ஹைப்பர்வைசரைத் தேர்ந்தெடுப்பது?

சர்வருக்கு வேறு இயங்குதளம் எதையும் போடாமல், நேரடியாக அதன்மேல் நிறுவும் வகையே அலுவலகத்துக்கு ஏற்றது. விண்டோஸ் பழகியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி உண்டு. கேவிஎம் அடிப்படையில் வியன்னாவில் உருவாகி, 2008-ல் முதன்முதலில் வெளியான ‘பிராக்ஸ்மாக்ஸ்’ இலவசமாகவே கிடைக்கிறது. உதவிச் சேவை வேண்டுமானால் மட்டும் சந்தா.

நீண்ட காலம் முன்னணியில் இருந்த விஎம்வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றியது. 2024-ல் இலவசப் பதிப்பை நிறுத்தி, 2025 ஏப்ரலில் மீண்டும் கொடுத்தது. சிறு நிறுவனங்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: எதைத் தேர்ந்தெடுத்தாலும், அதிலிருந்து வெளியேறும் வழியையும் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

எப்படி அமைப்பது?

முதலில் கணக்கு. 16 கோர் பிராசசரும் 64 ஜிபி ராமும் கொண்ட ஒரு சர்வரை எடுத்துக்கொள்வோம். கணக்கு மென்பொருளுக்கு 16 ஜிபி, பொதுக் கோப்புகளுக்கு 8, பழைய டிசைன் மென்பொருளுக்கு 8, வருகைப் பதிவுக்கு 4. ஆக 36. ஹைப்பர்வைசரின் சொந்தச் செலவுக்கு 8 ஒதுக்கினால் 44. மீதி 20 ஜிபி நாளைய தேவைக்கு. பிராசசர் கோர்களை இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பங்கிட்டாலும் சமாளித்துவிடும். நான்கு பேரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்கப் போவதில்லை. ராம் அப்படியல்ல. இருப்பதைவிட அதிகமாகப் பங்கிட்டால் எல்லாமே தள்ளாடும்.

சேமிப்புக்கு ஒரே எஸ்எஸ்டி போதாது. இரண்டு எஸ்எஸ்டி போட்டு, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் அப்படியே பதியும்படி ‘மிரர்’ செய்ய வேண்டும். ஒன்று செத்தாலும் மற்றது ஓட்டும். யுபிஎஸ் கட்டாயம். கரன்ட் போய்விட்டால், பேட்டரி தீர்வதற்குள் விஎம்களை ஒழுங்காக அணைக்கும்படி யுபிஎஸ்ஸை சர்வரோடு இணைத்துவிட வேண்டும்.

அடுத்தது, பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதி ‘ஆன்’ ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘விஎம் கிளம்பவே மாட்டேங்குது’ என்ற புகாருக்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

பழைய கணினியை அப்படியே தூக்கி உள்ளே வைக்க முடியுமா? முடியும். மைக்ரோசாஃப்ட்டின் ‘டிஸ்க்2விஹெச்டி’ போன்ற கருவிகள், ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் கணினியின் வட்டையே ஒரு கோப்பாக மாற்றிக் கொடுக்கும். ஆனால் இரண்டு இடங்களில் இடறும். ஒன்று, யுஎஸ்பி டாங்கிள் செருகினால்தான் ஓடும் மென்பொருட்கள். அந்த டாங்கிளை சர்வரில் செருகி, குறிப்பிட்ட விஎம்முக்கு மட்டும் ஒதுக்கித் தர வேண்டும். இரண்டாவது, விண்டோஸ் 7. அதற்கான பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. ஆகவே அந்த விஎம்மை இணையத்தோடு இணைக்காமல், தனிப் பிணையத்தில் பூட்டி வைப்பதே நல்லது.

லைசென்ஸ் கணக்கு என்ன?

‘சர்வர் ஒண்ணுதானே, லைசென்ஸும் ஒண்ணு போதும்’ என்ற நினைப்பு தவறு. விண்டோஸ் சர்வரின் ஸ்டாண்டர்டு பதிப்புக்கு, சர்வரில் உள்ள எல்லாக் கோர்களுக்கும், குறைந்தபட்சம் 16 கோர்களுக்கு, உரிமம் வாங்கினால் இரண்டு விஎம்களில் அதை ஓட்டலாம். மூன்றாவது, நான்காவது வேண்டுமென்றால் அதே அளவு மறுபடியும் வாங்க வேண்டும். பயன்படுத்துவோருக்கான அணுகல் உரிமம் தனி. பழைய கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் விண்டோஸ் உரிமம் பொதுவாக அந்தக் கணினிக்கே உரியது. புதிய சர்வருக்குக் கூடவே வராது. கோப்புச் சேமிப்பு போன்றவற்றை லினக்ஸ் விஎம்முக்கு மாற்றினால் இந்தச் செலவு குறையும்.

ஸ்னாப்ஷாட் எடுத்தால் போதாதா?

போதாது. பலர் ஏமாறும் இடம் இது. ஒரு விஎம்மின் இந்த நொடி நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு, பின்னால் அதற்குத் திரும்ப உதவுவது ஸ்னாப்ஷாட். புதிய அப்டேட் போடும் முன் எடுத்து, எல்லாம் சரி என்றதும் அழித்துவிட வேண்டும். அழிக்காமல் விட்டால் வளர்ந்துகொண்டே போய் வட்டை நிரப்பும், வேகத்தையும் குறைக்கும். அது அதே சர்வரின் அதே வட்டில்தான் இருக்கிறது. சர்வர் போனால் அதுவும் போச்சு. மிரர் செய்த வட்டுக்கும் இதே கதிதான்.

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்புகளில், ஒன்று வேறு இடத்தில் என்பதே பேக்கப்பின் பொது விதி. சர்வரில் ஓடுவது ஒன்று, மாடியிலோ அடுத்த அறையிலோ தனிச் சேமிப்புக் கருவியில் ஒன்று, கிளவுடிலோ வெள்ளம் எட்டாத வேறு ஊரிலோ ஒன்று.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது ஆபத்தில்லையா?

ஆபத்துதான். மனை சரிந்தால் நான்கு குடித்தனமும் தெருவில். 2023 பிப்ரவரியில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்களை ‘ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ்’ என்ற பிணைத்தொகை வைரஸ் தாக்கியது. அது குறிவைத்தது உள்ளே ஓடிய விண்டோஸை அல்ல, விஎம் கோப்புகளையே. தாக்குதலுக்கு வழி என்று அப்போது சுட்டிக்காட்டப்பட்ட ஓட்டைக்கான திருத்தம் 2021 பிப்ரவரியிலேயே வந்திருந்தது. இரண்டு ஆண்டுகளாகப் போடாமல் விட்டிருந்த சர்வர்கள் வசமாகச் சிக்கின.

எனவே ஹைப்பர்வைசரின் நிர்வாகப் பக்கத்தை ஒருபோதும் நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. அதன் கடவுச்சொல்லும் பேக்கப் கருவியின் கடவுச்சொல்லும் ஒன்றாக இருக்கக் கூடாது. அந்தக் கடவுச்சொல் சர்வீஸ் செய்ய வருபவரிடம் மட்டுமல்லாமல், முதலாளியிடமும் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் கணக்கு ஏடுகளை மின்னணு வடிவில் வைத்திருந்தால், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் அதன் பேக்கப் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்; பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். நான்கு விஎம்களும் தினமும் தாமாகவே பேக்கப் ஆகும்படி ஒரே இடத்தில் அமைத்துவிட முடிவதால், இந்த விதிகளைப் பின்பற்றுவதும் எளிதாகிறது.

யாருக்கு இது தேவையில்லை?

ஒரே கணினி, அதில் டேலி மட்டும் என்றால் சர்வர் வாங்குவது வீண் செலவு. தினசரி பேக்கப்பை வெளியே அனுப்பினாலே போதும். மூன்று நான்கு வேலைகள், வெவ்வேறு இயங்குதளங்கள் என்று வந்த பிறகே இந்தக் கணக்கு கட்டுப்படியாகும்.

அமைத்து முடித்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று பாக்கி. வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கப்பிலிருந்து ஒரு விஎம்மை வேறொரு கணினியில் மீட்டு, அலுவலகப் பிணையத்தோடு இணைக்காமல் கிளப்பி, நேற்றைய பில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தால்தான் அது பேக்கப். திறக்காவிட்டால், அது வெறும் நம்பிக்கை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் இந்தச் சோதனையை முடித்து, சர்வரையும் தரையிலிருந்து தூக்கி உயரமான ரேக்கில் ஏற்றிவிடுவது நல்லது.