உல்கும் உணவுப் பொட்டலமும்

கடல் கடந்து வரும் பண்டங்களின்மேல் அரசு கொள்ளும் இறையைப் பண்டைத் தமிழர் உல்கு என்றனர். சுங்கம், ஆயம் என்பனவும் அதன் பெயர்களே. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் உல்கு கொள்வோர் பண்டங்களின்மேற் புலிப்பொறி இட்டுக் காத்த செய்தியைப் பட்டினப்பாலை கூறும். முதற் குலோத்துங்கன் சுங்கந்தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றான். இயேசுபெருமான் அழைத்தபொழுது மத்தேயு வீற்றிருந்ததும் ஆயத்துறையிலேயே. ஆதலின் சுங்கச் சாவடி நமக்குப் புதியதன்று. ஆயினும், இக்காலத்தில் அயல்நாடு புகுவோர் இருவகைக் காவலைக் கடத்தல் வேண்டும். பொருளுக்கு வரி கொள்ளுதல் ஒன்று. நோயும் பூச்சியும் புகாமற் காத்தல் மற்றொன்று. மேற்படிப்பின் பொருட்டுச் செல்லும் நம் நண்பர்களின் பெட்டியில் அன்னையர் வைத்தனுப்பும் உணவுப் பண்டங்கள் பெரும்பாலும் இவ்விரண்டாம் காவலிலேயே தடைப்படுகின்றன. அத்தடையின் காரணத்தை, ஆஸ்திரேலியாவைச் சிறப்பாக எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஈண்டு ஆராய்வோம்.

ஒரு படி அரிசியால் ஒரு கண்டத்துக்கு என்ன கேடு நேரும் என்று சிலர் வினவலாம். நம் இந்திய நிலப்பகுதியைத் தாயகமாகக் கொண்டது கப்ரா வண்டு. அதன் புழு தானியக் குவியலை அரித்து உமியாக்க வல்லது. சுவர்ப் பிளவினுள் ஒடுங்கி, உணவின்றியும் ஓராண்டுக்கு மேல் உயிர் தாங்க வல்லது. 1953ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் கண்டறியப்பட்ட இவ்வண்டினை ஒழிப்பதற்குப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. ஆதலின், இவ்வண்டு வாழும் நாடுகளினின்று வரும் பயணிகள் அரிசி கொணர்தலை அமெரிக்க ஐக்கிய நாடு 2011ஆம் ஆண்டில் விலக்கிற்று. ஆஸ்திரேலியா 2020 முதல் அரிசி, கொண்டைக்கடலை முதலியவற்றைப் பயணிகள் பெட்டியில் கொணர்தலைத் தடுத்துள்ளது.

பச்சைக் கறிவேப்பிலையின் செய்தியும் இத்தகையதே. அதில் வாழும் சிறு பூச்சி ஒன்று நாரத்தை, ஆரஞ்சு முதலிய மரங்களை வாட்டும் கொடிய நோயைப் பரப்புவது. அந்நோய் ஆஸ்திரேலியாவில் இல்லை. பாலிற் செய்த இனிப்புக்களை ஐயத்தோடு நோக்குதற்குக் காரணம் கால்நடைகளுக்கு வரும் கோமாரி. 2001ஆம் ஆண்டு பிரிட்டனில் அந்நோய் பரவியபொழுது 60 இலட்சத்திற்கு மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் வீண் அச்சம் என்று கருதுவோர் நம் நாட்டிற்கு நேர்ந்ததை நினைத்தல் நன்று. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பக்கத்தில் காணப்பட்டது. பப்பாளியோடு நில்லாது மரவள்ளியையும் மல்பெரியையும் அது பற்றியது. உழவரும் பட்டுப்புழு வளர்ப்போரும் கண்ணீர் உகுத்தனர். 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவினின்று ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பின்னரே அப்பூச்சி அடங்கிற்று. வேற்று நிலத்துப் பூச்சி ஏழை உழவன் வயிற்றில் அடிப்பதை அறிந்த நாம், பிறர் தம் வயலைக் காப்பதைக் குறைகூறல் தகுமோ?

இனிச் செய்யத்தக்கவை யாவை? பெட்டி கட்டும்பொழுதே உள்ளிடும் பண்டங்களுக்கு ஒரு பட்டி எழுதிக்கொள்க. கடையில் வாங்கியனவற்றைப் பெயர்ச்சீட்டு நீங்காத உறையிலேயே வைக்க. உணவனைத்தையும் எளிதில் எடுத்துக் காட்டுமாறு ஓரிடத்தில் அடுக்குக. உணவு, செடிப்பொருள், விலங்குப்பொருள் உளவோ என்ற வினாவிற்கு உண்டெனின் உண்டென்றே விடை எழுதுக. ஐயமாயினும் உண்டென்றே எழுதுக. ஆஸ்திரேலியாவில் மெய்யாக அறிவித்தவர்பால் விலக்கப்பட்ட உணவு காணப்படினும் அப்பண்டம் போவதன்றித் தண்டம் இல்லை, மறைத்தவர்க்கே தண்டம். நியூசிலாந்தில் ஒரு பழத்தை மறந்து அறிவியாது விடினும் 400 டாலர் தண்டம் உண்டு.

பரிசுப் பொருள்களுக்கும் முறை உண்டு. அன்பளிப்பு என்றதனால் வரி நீங்காது. ஆஸ்திரேலியாவில் பதினெட்டு வயது நிரம்பியோர் கொணரும் பொதுப் பொருள்களுக்கு 900 டாலர் வரை வரியில்லை. பிறர்க்கென்று கொண்டுசெல்லும் பரிசும் அத்தொகையுள் அடங்கும். ஆதலின் விலைச்சீட்டைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். பனையோலைப் பெட்டி, குருத்தோலைச் சிலுவை, விதைமாலை ஆகியனவும் செடிப்பொருள்களே. அவற்றையும் அறிவித்தல் வேண்டும். பிறர் கட்டிக்கொடுத்த பொட்டலத்தை, அவர் உற்றாரேயாயினும், உள்ளே இருப்பது யாதென்று அறியாமல் ஏற்றல் ஒருபோதும் கூடாது. நம் பெட்டியுள் உள்ளதற்கு நாமே பொறுப்பாவோம்.

தாயின் கை பட்ட பண்டம் குப்பைத் தொட்டியில் வீழக் காண்பது துயரமே. ஆயினும் அன்பினால் கட்டப்பட்டது என்பதைப் புழு அறியாது. அதிகாரியும் உள்ளத்தை நோக்கி உறையை அவிழ்ப்பவர் அல்லர். முறுக்கும் அதிரசமும் புலத்தின்கண் ஒருவாறு செய்துகொள்ளலாம். அயல்நாட்டு வாயிலில் நாம் உரைக்கும் முதல் விடை பொய்யாயின், அக்குறை நம்மோடு நில்லாது. பின்னர் வரும் நம் நாட்டு மாணவர் அனைவரையும் ஐயத்திற்கு ஆளாக்கும். ஆதலின் கடல் கடக்கும் நண்பர்காள், பெட்டியில் பண்டம் குறையினும் நாவில் மெய் குறையாதிருப்பீராக.