நாள் கடந்த மரவள்ளி

கல்வராயன் மலையிலும் சின்னசேலம் பக்கத்துக் காடுகளிலும் இப்படி ஒரு பேச்சு கேட்கும்: "விலை இல்லை, கிழங்கு மண்ணிலேயே கிடக்கட்டும்." அதில் நியாயம் உண்டு. பிடுங்கிய மரவள்ளி இரண்டு, மூன்று நாளில் உள்ளே கருநீலக் கோடு ஓடிக் கெட்டுப்போகும். செடியோடு இருக்கும்வரை மண்தான் அதற்குக் கிடங்கு.

ஆனால் பத்து மாதத்துக் கிழங்கை நெடுநாள் விட்டுவைத்தால் நடுவே நார் தடித்து, கட்டை போலாகிவிடும். கோடை முடிந்து மழை இறங்கியதும் செடி புதுத்தளிர் விடும். அதற்கு வேண்டிய மாவைக் கிழங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்துப் 'பாயிண்ட்' பார்த்துத்தானே விலை! எனவே மழைக்கு முன்பே பிடுங்கிவிடுங்கள். இறுகிய மண்ணை முதல்நாள் நனைத்துவிட்டால் கிழங்கு உடையாது. காயம்பட்ட கிழங்குதான் முதலில் கெடும்.

வீட்டுக்கு வைத்த முற்றிய கிழங்கைத் தூக்கி எறிய வேண்டாம். தோலை முழுதாக உரித்து, நீளவாக்கில் பிளந்து, நடுநாரை உருவிவிட்டு, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மரவள்ளியில் சயனைடு நஞ்சு உண்டு. வறட்சியில் அது கூடும். கசக்கும் கிழங்கு வேண்டவே வேண்டாம், குழந்தைகளுக்கு அறவே கூடாது.

வெந்தும் நார் நாராக இருக்கிறதா? மீதிக் கிழங்கை உரித்து, மெல்லிய வில்லைகளாகச் சீவி, நொறுங்கும்வரை வெயிலில் காயவைத்து அரைத்துச் சலியுங்கள். நார் சல்லடையில் நின்றுவிடும். மாவு அடைக்கு ஆகும்.