தீப்பெட்டிப் படமும் ஒரு பொக்கிஷம்தான்!

சேகரிப்புப் பித்து பலவிதம். தபால் தலை சேர்ப்பவரைக் கண்டால், "ரொம்பப் படித்தவர் போலிருக்கிறது" என்கிறோம். பழைய நாணயம் சேர்ப்பவரைக் கண்டால், "கையில் நாலு காசு உள்ளவர்" என்று மரியாதையாக ஒதுங்குகிறோம். தீப்பெட்டிப் படம் சேர்ப்பவரைக் கண்டால் மட்டும், "ஐயோ பாவம், வீட்டில் எடுத்துச் சொல்ல யாரும் இல்லையா?" என்று கேட்கிறோம்!

காஞ்சிபுரத்தில் இருபது வருஷமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் காது மரத்துவிட்டது. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன ஊரில் பிறந்துவிட்டுக் குப்பையைக் கிளறுகிறானே என்று உறவினர்களுக்கு வருத்தம். ஆனால் வாசகர்களே, இந்தப் பித்துப் பிடித்தவன் நான் ஒருவன் மட்டும் அல்ல. உலகம் பூராவும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. எங்களுக்கென்று ஒரு பெயர்கூட இருக்கிறது. 'பிலுமெனிஸ்ட்' என்பார்கள். ஒளியை நேசிப்பவர் என்று அர்த்தம். பெயர் எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது, பாருங்கள்!

அமெரிக்காவில் 'பேஸ்பால்' என்று ஒரு பந்தாட்டம் உண்டு. நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சின்னஞ்சிறு அட்டைகளை முதலில் சிகரெட் பெட்டிக்குள்ளும், பிறகு சூயிங்கம் பொட்டலத்துக்குள்ளும் வைத்து விற்றார்கள். 1952-ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட அட்டைகளில் ஒரு பகுதி விலை போகாமல் தேங்கிவிட்டது. இடத்தை அடைக்கிறதே என்று, சில வருஷங்கள் கழித்து அவற்றைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்களாம். அதே 1952-ஆம் வருஷத்து அட்டை ஒன்று, மிக்கி மேண்டில் என்ற ஆட்டக்காரரின் படம் போட்டது, 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் சுமார் 100 கோடி ரூபாய்!

நம் தீப்பெட்டிப் படத்துக்கு அந்த யோகம் இல்லை. அது நல்லதுதான் என்பது என் கட்சி. விலை ஏறிய பொருளை விற்கத் தோன்றும். விலை இல்லாத பொருளைக் கொடுக்கத்தான் தோன்றும். என்னிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் மற்றவர்கள் கொடுத்தவை.

கப்பலில் வந்த சாமிகள்

தீப்பெட்டி முதலில் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு. ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜப்பான் ஆகிய தேசங்களிலிருந்து கப்பலில் வந்து இறங்கிற்று. அந்த வியாபாரிகள் கெட்டிக்காரர்கள். யார் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, லக்ஷ்மியையும் கிருஷ்ணனையும் அச்சடித்து ஒட்டி அனுப்பினார்கள். வரைந்த சித்திரக்காரர் நம் கோயில் வாசலை மிதித்திருக்க நியாயமில்லை. அதனால் சில படங்களில் அம்மன் கிமோனோ கட்டிக்கொண்டவள் மாதிரி நிற்பாள்!

1922-ல் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குக் கடுமையான இறக்குமதி வரி விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து சொந்த ஊரில் ஆரம்பித்தார்கள். வரியைச் சமாளிக்க ஸ்வீடன்காரர்களும் 1923-ல் 'விம்கோ' என்ற கம்பெனியை இந்தியாவிலேயே தொடங்கினார்கள். விம்கோவின் கப்பல் மார்க்கைப் பார்க்காத தாத்தா பாட்டி நம் நாட்டில் இருக்க முடியாது.

மழை குறைந்த கரிசல் பூமி. காற்றிலே ஈரம் இல்லை. பயிருக்குப் பாதகமான அதுவே தீக்குச்சிக்குச் சாதகமாயிற்று. சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று தொழில் பரவிற்று. வடக்கே குடியாத்தத்திலும் வேரூன்றிற்று. பெட்டிக்கு லேபிள் வேண்டுமே? அச்சாபீஸ்கள் வந்தன. இன்று காலண்டருக்குச் சிவகாசி என்கிறோம் அல்லவா? அந்த அச்சுத் தொழிலுக்குத் தீப்பெட்டி லேபிளே பெரிய ஆதாரமாக இருந்தது.

அந்த நாளில் பெட்டியை மெல்லிய மரத்தகட்டில் செய்து, மேலே காகித லேபிளை ஒட்டுவார்கள். தண்ணீரில் போட்டால் லேபிள் தனியே கழன்று வந்துவிடும். பிறகு அட்டைப் பெட்டி வந்தது. படத்தை அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். ஒட்டும் லேபிள் என்ற ஜாதியே அநேகமாக மறைந்துவிட்டது. பழைய லேபிளுக்கு எங்களிடம் இவ்வளவு மவுசு இருப்பதன் ரகசியம் அதுதான்.

கோயில் வாசலே சுரங்கம்

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு எப்படிச் சேகரிக்கிறாய் என்று கேட்பீர்கள். இதற்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது! யாத்திரிகர்கள் ஆந்திராவிலிருந்து வருகிறார்கள். கன்னட தேசத்திலிருந்து வருகிறார்கள். விளக்கேற்றிவிட்டுக் காலிப் பெட்டியைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் உள்ள பெட்டிகள் என் காலடிக்கே வருகின்றன. 2019-ல் அத்திவரதர் 40 வருஷத்துக்கு ஒரு முறையாகக் குளத்தைவிட்டு எழுந்தருளி 48 நாள் சேவை சாதித்தாரே, அப்போது ஜனங்கள் தரிசனத்துக்கு நின்றார்கள். நானும் நின்றேன். ஆனால் என் கண் அடிக்கடி தரைக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பெருமாள் மன்னிப்பார்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு பார்சல்

இப்படிப் பொறுக்கியதை எல்லாம் தூக்கி அடிக்கிற மாதிரி, சென்ற வருஷம் தபாலில் ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் கோவில்பட்டிப் பக்கத்துப் பெரியவர். அங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். அப்படி ஒரு ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கு நான் தம்பி. பதினைந்து வருஷமாகக் கடிதப் போக்குவரத்து. நேரில் பார்த்தது இரண்டே தடவை.

அண்ணாச்சிக்கு வயது 80 தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டது. பிள்ளைகள் வெளியூரில். ஆல்பங்கள் இருக்கும் அறையை ஒழித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததாம். தமக்குப் பின்னால் அவை பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே தாமே உட்கார்ந்து ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்து பேருக்கு அனுப்பிவிட்டார்.

கண்ணை மூடிக்கொண்டு பிரித்த பங்கு அல்ல அது. மிருகங்கள் ஒருவருக்கு, கப்பலும் ரயிலும் இன்னொருவருக்கு. கோயிலும் சாமியும் காஞ்சிபுரத்தானுக்கு! என்னிடம் எது இல்லை என்று பழைய கடிதங்களைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். கேட்டதைக் கொடுப்பவர் உண்டு. கேட்க மறந்ததைக் கொடுப்பவர் எத்தனை பேர்?

அழகில்லாதவற்றின் அருமை

பார்சலில் ஜப்பான் லேபிள்கள் இருந்தன. பன்னிரண்டு பெட்டி கொண்ட டஜன் கட்டின் மேல் ஒட்டும் பெரிய லேபிள்கள் இருந்தன. பளபளவென்று கோபுரங்கள் இருந்தன. ஆனால் நான் ராத்திரி பூராவும் தூங்காமல் பார்த்தது விசித்திரப் பிறவிகளைத்தான்.

ஒன்றில் சிவப்பு நிறம் இடம் பெயர்ந்து, முருகனின் உதடு கன்னத்தில் இருக்கிறது. அச்சாபீஸில் கழித்துப் போட்ட தாள். இன்னொன்று, பேர்பெற்ற மார்க்கைப் பார்த்துக் காப்பியடித்தது. எழுத்தில் ஒரு மாற்றம், படத்தில் ஒரு மாற்றம். அவசரத்தில் வாங்குகிறவர் ஏமாந்துவிடுவார். மற்றொன்றில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். அடுப்பு பற்றவைக்கும்போதுகூட சர்க்கார் நமக்குப் புத்தி சொன்ன காலம்! இன்னும் ஒரு பெட்டியின் குறுக்கே காகிதப் பட்டை ஒன்று கிழியாமல் ஒட்டியிருக்கிறது. 1934-ல் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி போட்டார்கள். வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளம் அந்தப் பட்டை. குச்சியை எடுக்க வேண்டுமானால் பட்டையைக் கிழித்தாக வேண்டும். கிழியாத பட்டை எப்படி அபூர்வம் என்று இப்போது புரிகிறதல்லவா?

எல்லாவற்றுக்கும் சிகரம் ஒரு கோபுர லேபிள். கீழே 'காஞ்சி' என்று கொட்டை எழுத்து. மேலே இருப்பதோ சாட்சாத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில்! உங்கள் ஊர் எங்கே குடிபோயிற்று பாருங்கள் தம்பி என்று ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தார் அண்ணாச்சி.

லேபிளின் பின்பக்கங்களைத் திருப்பினால் இன்னொரு உலகம். பென்சிலால் பொடி எழுத்து. எந்த வருஷம், எந்தக் கடை, யார் கொடுத்தது என்று குறிப்பு. ஒன்றின் பின்னால், தம் கல்யாணத்தன்று சமையல்காரரிடம் கேட்டு வாங்கியது என்று எழுதியிருக்கிறது. மாப்பிள்ளைக் கோலத்தில் கொல்லைப்புறம் போய்த் தீப்பெட்டி கேட்டிருக்கிறார் மனுஷர்! மூடிப்போன எத்தனையோ சிறு ஆபீஸ்களின் பெயர்கள், பெட்டி ஒட்டிய பெண்களுக்குக் கூலி கொடுத்த ஊர்களின் பெயர்கள் எல்லாம் அந்தப் பென்சில் எழுத்தில் இருக்கின்றன. பேப்பர் கடைத் தராசுக்கு இது எப்படித் தெரியும்?

கடிதத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. விற்கக் கூடாது. பூட்டி வைக்கக் கூடாது. இரட்டையாக இருப்பதில் ஒன்றை ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும்.

பதிலுக்கு நான் என்ன அனுப்புவது? பட்டு வாங்க நமக்குச் சக்தி ஏது? பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி நண்பர் ஒருவர் இருக்கிறார். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். ஓர் அட்டைக்கு ஓர் இழை ஓட்டம். நூற்றுக்கணக்கான அட்டை சேர்ந்தால் முந்தானையில் ஓர் அன்னம். டிசைன் பழசாகிவிட்டால் அட்டையும் பழைய பேப்பர்தான். அப்படிக் கழித்த அன்னத்து அட்டைகளில் ஒரு சரத்தைக் கேட்டு வாங்கி அனுப்பினேன். விரலால் தடவிப் பார்த்து மகிழ்ந்ததாகப் பதில் வந்தது. கண் மங்கினவருக்குத் துளை போட்ட அட்டை எவ்வளவு பொருத்தம் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இரட்டை லேபிள்கள் இருபத்தேழும் அந்த நெசவாளியின் மகளிடம் போய்ச் சேர்ந்தன. இப்போது கோயில் வாசலில் எனக்குப் போட்டிக்கு ஆள் இருக்கிறது!

நீங்களும் செய்யலாம்

இதற்கு மூலதனம் வேண்டாம். ஒட்டிய லேபிளானால் முதலில் ஓர் ஓரத்தை நனைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் வெறும் தண்ணீரில் ஊறவிட்டு, தானாகக் கழலும்வரை பொறுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகம் ஏற்றி, நிழலில் உலர்த்துங்கள். அட்டைப் பெட்டியானால் குச்சிகளை எடுத்துவிட்டு மேல் பெட்டியை ஓரமாகப் பிரித்துத் தட்டையாக்குங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். பின்பக்கம் வருஷமும் ஊரும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறிவிடும்.

2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆயிற்று. அடுப்புக்கு லைட்டர் வந்துவிட்டது. பலர் வீட்டில் தீப்பெட்டி பூஜை அறையோடு சரி. இன்று கையில் இருக்கும் பெட்டியே நாளைக்கு அபூர்வமாகலாம்.

உங்கள் தெருவிலும் ஓர் அண்ணாச்சி இருப்பார். தபால் தலையோ, பழைய சினிமாப் பாட்டுப் புத்தகமோ, கல்யாணப் பத்திரிகையோ சேர்த்து வைத்திருப்பார். வீட்டார் அதைக் குப்பை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவருக்குக் கண் தெரியும்போதே ஒரு நாள் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்லப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பெட்டியை யாருக்குக் கொடுக்கலாம் என்பதை அவரே சொல்லிவிடுவார்.