ஓலை மாலுக்குள் ஓர் எட்டு

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்கு வருகிறவர்கள் வீதியோரத்தில் பனையோலைப் பெட்டிகளை அடுக்கிவைத்துப் பார்த்திருப்பீர்கள். அவை பிறக்கிற மாலுக்குள் நுழையும் யோகம் எனக்கு வாய்த்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களும் வாருங்கள்!

கால் வைக்க இடமில்லை. வார்ந்த ஓலை ஒருபக்கம், கிழித்தெறிந்த ஈர்க்கு மறுபக்கம், நடுவில் பாதி இழைத்த மூடிகள். பின்புறத்து அடுப்பில் கிடாரம் நிறையச் சிவப்புச் சாயம் கொதிக்கிறது. ஓலையைப் புரட்டுகிற அம்மாவின் முகத்தில் வியர்வை வழிகிறது.

"தொடாதையுங்கோ பிள்ளை, சாயம் லேசில போகாது."

"போகாட்டில் என்னக்கா, மருதோண்டிக் காசு மிச்சம்!" என்று மூலையிலிருந்து ஒரு குரல். மால் முழுக்கச் சிரிப்பு.

எனக்குக் கிடைத்த பெரிய விருந்து ஒரு கணக்குக் கொப்பி. இங்கே இழைக்கிற இளம்பெண் ஒருத்தி அதன் கட்டங்களை நிறப் பென்சிலால் நிரப்பி வைத்திருக்கிறாள். கீழே நீல அலை, மேலே சிவப்புச் சுடர். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து அம்மனுக்கு விளக்கெரிக்கிறார்களே, அந்த விளக்கு! சுடரின் நுனி வளையாமல் அவள் அழித்து அழித்துப் போட்டதில் தாளே தேய்ந்துவிட்டது. பிசகிய மூடிகள் கூரையில் தொங்குகின்றன. வெளியே யாரும் காணாத அழகு அது.

"போன பொங்கலுக்கு நான் இழைச்சதை அப்பிடியே வேறொரு கடையில கண்டனான் அண்ணை. நான் பதியேல்லைத்தானே, என்ன கேக்கிறது?"

கேட்கலாம் தங்கச்சி! 2003 இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவானாலே பதிப்புரிமை வந்துவிடும். பதிவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். இப்படிப் பாவனைப் பொருளில் அமைந்த கலைப் படைப்புக்கு, செய்த நாளிலிருந்து 25 ஆண்டு பாதுகாப்பு. கொழும்பில் கைத்தொழில் வடிவமாகப் பதிந்தால் முதலில் 5 ஆண்டு, புதுப்பித்துப் புதுப்பித்து 15 வரை. பதியாத உரிமைதான் இங்கே நீளம்! கடல்நீர் விளக்கு என்கிற எண்ணம் ஊருக்கே பொது. ஓலை இழைக்கும் முறையும் அப்படியே. ஆனால் இந்த அலையும் இந்தச் சுடரும் இந்தக் கட்டங்களில் விழுந்த விதம் அவளுடையது. யார் முதலில் செய்தது என்று கேள்வி எழுந்தால் திகதியிட்ட கொப்பியும் படங்களும் பேசும்.

அவள் உடனே பேனை தேடினாள். ஒவ்வொரு தாளிலும் பெயர், திகதி, கையொப்பம். போன பொங்கலுக்கு இழைத்த மூடியின் படம் கைபேசியிலேயே இருக்கிறது, எடுத்த நாளோடு. எனக்குத் துள்ளாத குறை!

கிடாரத்தடி அம்மா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்தார். "எனக்கும் ஒரு கொப்பி வாங்கித் தா பிள்ளை. என்ர கொட்டைப்பெட்டிக்கு நான் போட்ட பூவை இவளவை எல்லாரும் களவெடுத்துப்போட்டாளவை!"

"நாங்கள் எடுத்தது பாதிப் பூதான் அம்மா!" என்று மூலைக்குரல் மறுபடி கத்தியது.