பட்டியலும் ஆளும்

எடமலைப்பட்டி புதூர் டீக்கடையில் ஒரு தம்பி சொன்னார்: "வெளியூர்ல எந்த ஊருன்னு கேட்டா திருச்சின்னுதான் சொல்லுவேண்ணே. திருச்சில எங்கன்னு கேட்டா பேச்ச மாத்திடுவேன்." அவர் வீடு பக்கத்து ராம்ஜி நகரில். 'ராம்ஜி நகர் கும்பல்' என்று பத்திரிகைகள் எழுதி எழுதி, அந்த ஊர்ப்பெயரே ஒரு குற்றத்தின் பெயராகிவிட்டது. தம்பி மீது எந்த வழக்கும் கிடையாது.

இந்தச் சந்தேகத்துக்குக் காவல்நிலையத்தில் எழுத்துவடிவம் உண்டு: ஹிஸ்டரி ஷீட், அதாவது சரித்திரப் பதிவேடு. தெருவில் 'ரவுடி லிஸ்ட்'. வழக்குகள், கூட்டாளிகள், உறவினர்கள், நடமாட்டம் எல்லாம் அதில் ஏறும். நீதிமன்றம் 'இதைச் செய்தாயா?' என்று கேட்கிறது. அதற்குச் சாட்சியம் வேண்டும், விடுதலையும் சாத்தியம். பதிவேடு 'நீ எப்படிப்பட்ட ஆள்?' என்று கேட்கிறது. அதற்குப் பதிலையும் அதுவே எழுதிக்கொள்கிறது. நவீன தண்டனைமுறை செயலை விட்டு ஆளின் வாழ்க்கை வரலாற்றைப் பிடித்துக்கொள்கிறது என்று ஃபூக்கோ 1975இல் எழுதியது இதைத்தான்.

நமக்கு இது பழைய கதை. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டபின் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மக்கள் வாயில் அது கைரேகைச் சட்டம். ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தால், அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக்கூடாது என்று சட்டமே சொன்னது. 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1947இல் சட்டம் இங்கே ரத்தானது. மறு ஆண்டே வழக்கமாகக் குற்றம் செய்வோரைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 'பரம்பரை' இருந்த இடத்தில் 'வழக்கம்' வந்து உட்கார்ந்தது. பதிவேடு அப்படியே இருந்தது.

நீதிமன்றங்கள் என்ன செய்தன? கரக் சிங் கொள்ளை வழக்கில் சாட்சியமில்லை என்று 1941இல் விடுவிக்கப்பட்டவர். இருந்தும் உ.பி. போலீஸ் அவர் பெயரில் பதிவேடு திறந்தது. 1962இல் உச்ச நீதிமன்றம், இரவில் வீடு புகுந்து பார்ப்பதை மட்டும் ரத்து செய்தது. மற்றக் கண்காணிப்பு நீடித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 வரை ஆயிற்று. இடையில் 1980இல் மாலக் சிங் வழக்கு: பதிவேடு ரகசிய ஆவணம், எனவே பெயரைச் சேர்க்குமுன் ஆளிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை, ஆனால் நியாயமான அடிப்படை இருக்கவேண்டும், கண்காணிப்பு வெளியே தெரியாமல் நடக்கவேண்டும்.

சிக்கல் இந்த 'ரகசிய'த்தில்தான் இருக்கிறது. யாருக்கு ரகசியம்? பெயர் ஏறியவனுக்கு மட்டுமே. தேர்தலோ திருவிழாவோ வந்தால், "ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று வாசலில் சத்தம் கேட்கிறது. தெருவுக்கே தெரிகிறது. பிறகு நன்னடத்தைப் பிணை. அதற்கும் மேலே 1982இன் குண்டர் சட்டம்: விசாரணையில்லாமல் பன்னிரண்டு மாதம் வரை சிறை, அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. பட்டியல் தண்டனை இல்லை என்பதால் விசாரணை தேவையில்லை என்கிறார்கள். ஆனால் அடுத்தடுத்த படிகளுக்கு அதுவே ஏணியாகிறது.

'அப்ப களவு கொடுத்தவனுக்கு உரிமை இல்லையா?' என்று கேட்கலாம். இருக்கிறது. குறிப்பிட்ட ஆதாரத்தோடு குறிப்பிட்ட ஆளைக் கண்காணிப்பதை யாரும் மறுக்கவில்லை. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமே, விமுக்த சாதியினர் சாதியை வைத்தே பதிவேட்டில் ஏற்றப்படுவதாக எழும் புகாரைக் குறிப்பிட்டு, உயர் அதிகாரி ஒருவர் அவ்வப்போது பதிவேடுகளைத் தணிக்கை செய்யவேண்டும் என்றது. அவரும் போலீஸ் அதிகாரிதான். பாலுக்குப் பூனை காவல்.

நாம் கேட்கவேண்டியவை எளியவை. பெயர் ஏறியதை ஆளுக்குக் காரணத்தோடு எழுத்தில் சொல்லவேண்டும். காவல்துறைக்கு வெளியே ஒருவரிடம் முறையிட வழி வேண்டும். வழக்கில் விடுதலையானால் அதன் பேரில் ஏறிய பெயரும் விழவேண்டும். எந்தப் பதிவுக்கும் முடிவுத்தேதி வேண்டும். இவை இல்லாதவரை ஒருவன் எதை நிரூபித்தாலும் அதை யாரிடம் போய்ச் சொல்வான்?