தொலைநகல்: எண்ணை அழுத்துபவரே தாளை இழுத்து எடுக்கும் வழி

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவரின் சேவைக் கடிதம், ஈப்போவிலுள்ள அவர் மகனுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டக் கிராணி கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்துவிட்டார். மகனிடம் தொலைநகல் இயந்திரம் இல்லை. டவுனில் ஒரு கடையின் இயந்திரத்தைத்தான் நம்பியிருக்கிறார். கிராணி முன்கூட்டியே அனுப்பினால், அப்பாவின் அடையாள அட்டை எண், சம்பள விவரம் எல்லாம் கடை மேசையில் யார் கண்ணிலும் படும்படி கிடக்கும். தாமதித்து அனுப்பினால் கடை அடைத்திருக்கும்.

இதற்கு ‘போலிங்’ என்ற வழி உண்டு. கிராணி தாளைத் தம் இயந்திரத்தில் வைத்து, போலிங் அனுப்புதலைத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். மகன் கடைக்குப் போனதும் அங்குள்ள இயந்திரத்தில் போலிங் பெறுதலை அழுத்தி, தோட்டத்து எண்ணை அழைக்க வேண்டும். கடிதம் அவர் கண் முன்னேயே வந்து விழும். அழைப்புக் கட்டணமும் தோட்டத்துக்கு இல்லை, அழைத்தவருக்குத்தான்.

இது ஏதோ ஒரு நிறுவனத்தின் தனி வித்தை அல்ல. தொலைநகல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வகுக்கப்பட்ட டி.30 என்ற அனைத்துலக விதிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. அழைப்பை ஏற்கும் இயந்திரம் தன் திறன்களை முதலில் அறிவிக்கும். ‘கொடுப்பதற்கு என்னிடம் தாள் இருக்கிறது’ என்பதும் அந்த அறிவிப்பில் ஒரு குறியாக வரும். அழைத்த இயந்திரம் ‘அனுப்பு’ என்று பதில் சொன்னதும் இரண்டின் வேலையும் இடம் மாறிவிடும்.

வசதி பெரிதுதான், ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ரகசிய எண் போடாமல் வைத்தால், அந்த எண்ணை அழைத்துப் போலிங் கேட்கும் எவரும் கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம். ரகசிய எண் போட்டாலும் ஒரு சிக்கல் உண்டு: பல மாடல்களில் அது ஒரே நிறுவனத்தின் இயந்திரங்களுக்கு இடையில்தான் வேலை செய்யும். கடையில் இருப்பது என்ன பிராண்ட் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பொருந்தாவிட்டால், மகன் கடைக்குப் போய்த் தோட்டத்துக்குப் போன் செய்த பிறகு கிராணி தாளை வைப்பதே பாதுகாப்பு.

எழுத்தின் தெளிவும் தாளை வைப்பவர் கையில்தான். சாதாரணத் தரத்தில் மில்லிமீட்டருக்கு 3.85 வரிகளே பதிவாகும். ‘ஃபைன்’ தரத்தில் 7.7. மங்கலான நகலில் 3 என்பது 8 போலத் தெரிந்தால் அடையாள அட்டை எண்ணே மாறிவிடும். தமிழ்க் கடிதம் என்றால் மெய்யெழுத்துகளின் புள்ளிகள்தாம் முதலில் காணாமல் போகும்!

கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதை இயந்திரம் அச்சிடும் அறிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அதில் தெரியும் எண், அழைத்த இயந்திரத்தில் அதன் உரிமையாளரே பதித்து வைத்தது. தாள் உண்மையில் மகன் கைக்குத்தான் போனதா என்று கிராணி ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.