எரிபொருள் கேட்டு இறங்கிய விமானங்கள்

அடையாற்றில் மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் பயணிகள் விமானங்கள் தாழப் பறப்பதைக் காணலாம். 1991 ஜனவரியில், வளைகுடாப் போர் மூண்ட சமயத்தில், அந்நிலையத்தில் அமெரிக்க ராணுவச் சரக்கு விமானங்களும் இறங்கின. பம்பாயிலும் ஆக்ராவிலும் அவ்வாறே இறங்கின. அவை எரிபொருள் நிரப்பிக்கொள்ள வந்தவை. இந்தியாவோ அப்போரில் சேராத, அணிசேரா நாடு!

புறப்படும்போதே டாங்கி நிறைய எரிபொருள் எடுத்து வரக்கூடாதா? கணக்கிட்டுப் பார்ப்போம். வந்தவை ஸ்டார்லிஃப்டர் வகை விமானங்கள். வெற்று விமானத்தின் எடை சுமார் 67 டன். டாங்கிகள் நிறைய எரிபொருள் சுமார் 70 டன். முழுச் சரக்கு சுமார் 41 டன். கூட்டினால் 178 டன். ஆனால் தரையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட எடை ஏறத்தாழ 155 டன்தான். இறக்கைகள் தரும் தூக்குவிசைக்கும் சட்டங்களின் வலிமைக்கும் எல்லை உண்டல்லவா? ஆகவே சரக்கைக் கூட்டினால் எரிபொருளைக் குறைக்க வேண்டும்.

இனி உலகப் படத்தை விரியுங்கள். பிலிப்பைன்ஸிலிருந்து சவூதி அரேபியாவின் கீழ்க்கரைக்கு நேர்வழி சுமார் 7,400 கிலோமீட்டர். முழுச் சரக்குடன் அவ்வளவு தூரம் போக முடியாது. சென்னையில் இறங்கினால் முதற்கட்டம் 4,400, அடுத்தது 3,500 கிலோமீட்டர். சுற்று சொற்பம், சரக்கோ குறையவில்லை. வானிலேயே எரிபொருள் ஊட்டலாம். அதற்கு இன்னொரு விமானம் பறந்து வரவேண்டும்.

ஆனால் இயற்பியல் இடங்கொடுத்தால் மட்டும் போதாது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, ஒரு நாட்டின் ராணுவ விமானம் மற்றொரு நாட்டின் மீது பறக்கவோ அங்கு இறங்கவோ அந்நாட்டின் தனி அனுமதி வேண்டும். பழுதோ புயலோ காரணமாக இறங்குவது வேறு. 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் எஃப்-35பி போர் விமானம் எரிபொருள் குறைந்து திருவனந்தபுரத்தில் இறங்கியது. பின்னர் பழுது கண்டு, ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. அது அவசரம். 1991இல் நடந்ததோ திட்டமிட்ட உதவி.

நடுநிலை நாட்டு நிலத்தின் வழியே படைகளையோ தளவாடங்களையோ கொண்டு செல்லலாகாது என்பது 1907ஆம் ஆண்டின் ஹேக் விதி. எனினும் குவைத்தை மீட்கப் படைபலத்தைப் பயன்படுத்த ஐ.நா. பாதுகாப்புச் சபை 1990 நவம்பரில் அனுமதித்திருந்தது. எனவே இரு பக்கமும் வாதம் எழுந்தது. பிரதமர் சந்திரசேகரின் அரசு அனுமதி தந்தது. அதை வெளியிலிருந்து ஆதரித்த காங்கிரஸ் கட்சியின் ராஜீவ் காந்தி எதிர்த்தார். பிப்ரவரியில் எரிபொருள் வழங்குவது நின்றது.

சென்னையில் ஏற்றிய ஒவ்வொரு டன் எரிபொருளும் விமானத்தில் ஒரு டன் சரக்குக்கு இடம் தந்தது. அப்படியானால், எரிபொருள் மட்டுமே கொடுத்த நாடு போரிலிருந்து விலகி நின்றது எனலாமா? நண்பர்களுடன் விவாதித்துப் பாருங்கள்.